குழாயை ஏன் உடனே உருவவில்லை?

வேடசந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த முதியவர் ஒருவருக்கு நள்ளிரவில் அவசரமாக டயாலிசிஸ் தேவைப்பட்டது. கழுத்துச் சிரையில் குழாய் பொருத்தினோம். சற்று நேரத்தில், ஊசி சிரையின் பின்சுவரையும் கடந்து சென்று, காறையெலும்பின் பின்னே ஓடும் தமனிக்குள் குழாய் நுழைந்திருப்பது தெரிந்தது. தவறு எங்களுடையது, அதை அவருடைய மகனிடம் அப்போதே கூறினோம்.

“தப்பா போயிருச்சுன்னா உருவிட வேண்டியதுதானே சார்?” என்றார் அவர். அன்று அவசரத்தில் இரண்டு வாக்கியங்களில் சொன்ன விடையை இங்குச் சற்று விரித்து எழுதுகிறோம்.

மெல்லிய ஊசி மட்டும் தமனியில் பட்டிருந்தால், பெரும்பாலும் அதை எடுத்துவிட்டு விரலால் அழுத்திப் பிடித்தாலே போதும். டயாலிசிஸ் குழாயோ ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் தடிமன் உடையது. அதை உருவினால் அந்தத் துளை வழியே இரத்தம் மார்புக்குள் பெருகும். எலும்புகள் மறைப்பதால் வெளியிலிருந்து அழுத்தவும் இயலாது. உள்ளே இருக்கும்வரை குழாயே துளைக்கு அடைப்பாகிறது. ஆயினும் அதை நாள்கணக்கில் விட்டுவைக்க முடியாது. குழாயைச் சுற்றி உறையும் இரத்தம் மூளைக்கோ கைக்கோ செல்லக்கூடும்.

ஆகவே குழாயை மூடி, அசையாதபடி ஒட்டி, ஸ்கேன் படங்களுடன் மதுரைக்கு அனுப்பினோம். அங்கே தொடைத் தமனி வழியே மெல்லிய கம்பியைச் செலுத்தி, துணிபோன்ற உறை போர்த்திய ஸ்டென்ட்டைத் துளைக்கு நேரே கொண்டு நிறுத்தினார்கள். ஒருவர் கழுத்துக் குழாயை உருவ, அதே கணத்தில் மற்றவர் ஸ்டென்ட்டை விரித்தார். உறை உட்புறமிருந்து துளையை மூடிக்கொண்டது. முற்காலத்தில் இதற்குக் காறையெலும்பையோ நெஞ்செலும்பையோ அறுக்க வேண்டியிருந்தது. உக்ரைனின் கார்கிவ் நகரில் நிக்கோலாய் வொலொதோஸ் 1987இல், காயமுற்ற பெருந்தமனியை இவ்வாறு உள்ளிருந்தே சீர்செய்தார். இன்றைய முறை அவ்வழியில் வளர்ந்ததே.

இத்தகைய ஸ்டென்ட் பொருத்தப்பட்டவரின் குடும்பத்தார் கவனிக்க வேண்டியவை சில உண்டு. அந்தப் பக்கக் கை குளிர்ந்து வெளிறினாலோ மரத்துப்போனாலோ, கழுத்து வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ, பேச்சுக் குழறினாலோ விடியட்டும் என்று காத்திராதீர்கள். இரத்தம் உறையாதிருக்கத் தரும் மாத்திரையை, உடல் தேறிவிட்டது என்று எண்ணி நீங்களாக நிறுத்தாதீர்கள். டயாலிசிஸுக்காகக் கையில் ஃபிஸ்டுலா அமைக்க எங்குச் சென்றாலும், எந்தப் பக்கத் தமனியில் ஸ்டென்ட் உள்ளது என்பதை முதலில் சொல்லுங்கள். அவ்வேளையில் பழைய டிஸ்சார்ஜ் தாள் கையில் இருப்பது பெரிய உதவி.

தமனி இரத்தம் செக்கச்செவேலெனத் துடித்துப் பீறிடும் என்றே நாங்கள் படித்தோம். மூச்சுத் திணறலும் தாழ்ந்த இரத்த அழுத்தமும் உள்ள நோயாளியிடம் நிறமும் துடிப்பும் ஏமாற்றிவிடும். ஸ்கேன் கருவியில் நாளத்தைப் பார்த்தபடியே ஊசி செலுத்தினால் இவ்விபத்து வெகுவாகக் குறையும், அறவே ஒழியாது. அன்றிரவு அக்கருவி வேறொரு பிரிவில் இருந்தது, நாங்கள் காத்திருக்கவில்லை. இப்போது அது டயாலிசிஸ் அறையிலேயே நிற்கிறது. அந்த மகன் தந்தையை அழைத்து வரும்போதெல்லாம் அது அங்கே இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறார்.