வடசேரியின் தெய்வ நகைகள்

பரத நாட்டிய மேடையில் ஒரு பெண் வந்து நிற்கிறாள். வகிட்டின் வலப்புறம் சூரியன், இடப்புறம் சந்திரன். பின்னலின் உச்சியில் நாகம் படம் விரித்திருக்கிறது. இவை வெறும் அலங்காரமல்ல. பகலையும் இரவையும் சிரசில் தாங்கி, ஆதிசேஷனைக் கூந்தலில் சூடி அவள் ஆடுகிறாள். ஆலயங்களில் தெய்வத் திருவுருவங்களுக்குச் சாத்திய ஆபரணங்களே தேவதாசியர் வழியாக மேடை ஏறின.

இந்நகைகளுக்குப் பேர்போன ஊர் நாகர்கோவிலைச் சேர்ந்த வடசேரி. அங்குள்ள பொற்கொல்லர்கள் வெள்ளித் தகட்டால் கூடு அமைத்து, உள்ளே அரக்கு நிரப்பி, சிவந்த கெம்புக் கற்களை ஒவ்வொன்றாகப் பதித்து, தங்க ரேக்கு ஒட்டுகிறார்கள். அவசரத்துக்கு இங்கே இடமில்லை. ஒரு கல் சாய்ந்தாலும் லக்ஷ்மி வீற்றிருக்கும் தாமரை கோணிப் போகும்.

2007-08ஆம் ஆண்டில் இக்கைவினைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும், அச்சில் வார்த்த மலிவுப் போலிகள் கடைவீதிகளில் மலிந்துவிட்டன. போலியிலும் சூரியன் உண்டு, சந்திரன் உண்டு. பொருளறிந்து இழைத்த கைதான் இல்லை.

பெண்ணின் அரங்கேற்றத்துக்கு நகை வாங்கப் புறப்படும் தாய்மார்கள் கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேட்கட்டும்: “இது யார் கைவேலை?” அக்கேள்விக்குப் பதில் கிடைக்கும் வரையில் வடசேரியின் உலை அணையாது.