வீட்டுக்கு ஒரு போன்... பள்ளிக்கு எந்த ஆப்?

ஓசூர் சிப்காட்டுக்கு ஷிஃப்ட் வேலைக்குக் கிளம்பும் அப்பா, போனையும் கையோடு எடுத்துக்கொண்டுதான் போவார். வீட்டில் ஸ்மார்ட்போன் அது ஒன்றுதான் என்றால், பிள்ளையின் வீட்டுப்பாடமும் அவரோடு ஷிஃப்டுக்குப் போய்விடும். வகுப்புக்கு ஆன்லைன் மென்பொருள் தேடும் பள்ளிகள் முதலில் பார்க்க வேண்டியது இந்த வீட்டைத்தான்.

பாடம், வீட்டுப்பாடம், தேர்வு, மதிப்பெண் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் மென்பொருளை ‘எல்.எம்.எஸ்’ என்கிறார்கள். ‘வாட்ஸ்அப் குரூப் இருக்கிறதே, போதாதா?’ என்று கேட்கலாம். அறிவிப்புக்குப் போதும். ஆனால், திங்கட்கிழமை அனுப்பிய கணக்கை வெள்ளிக்கிழமை தேடினால், நூறு ‘குட்மார்னிங்’ படங்களைத் தாண்டிப் போக வேண்டும். யார் முடித்தார், யார் முடிக்கவில்லை என்பதும் ஆசிரியருக்குத் தெரியாது.

இரண்டு வழிகள்

2014-ல் வந்த ‘கூகுள் கிளாஸ்ரூம்’, பள்ளிகளுக்கு அடிப்படை அளவில் இலவசம். சர்வர் தேவையில்லை. ஜிமெயில் பழகிய ஆசிரியர் சீக்கிரமே கற்றுக்கொள்வார். பள்ளியின் பெயரில் கணக்குகள் தொடங்கினால், பிள்ளை எதை முடித்தது, எதை விட்டது என்று பெற்றோருக்கு மின்னஞ்சல் போகும்படி செய்யலாம்.

‘மூடுல்’ 2002-ல் வெளியானது. உருவாக்கிய மார்ட்டின் டூகியாமஸ், ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பகுதியில், பள்ளியை விட்டு வெகுதூரத்தில் வளர்ந்தவர். வானொலி வழியாகப் பாடம் கேட்டவர். மென்பொருள் இலவசம்தான். ஆனால், சர்வர் வாடகையும் அதைப் பராமரிக்கத் தெரிந்த ஓர் ஆளும் தேவை.

கேட்க வேண்டிய கேள்விகள்

சிக்னல் இல்லையென்றால்? தளி, அஞ்செட்டி பக்கம் காட்டையொட்டிய ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். மூடுல் ஆப்பில் பள்ளி வைஃபையிலேயே பாடத்தை இறக்கிக்கொண்டு, வீட்டில் நெட் இல்லாமல் படிக்கலாம். ஆசிரியர் அனுமதித்திருந்தால் வினாடி வினாவையும் எழுதி வைத்து, நெட் கிடைத்ததும் அனுப்பலாம்.

எந்த மொழியில்? இங்கே தமிழோடு தெலுங்கு, கன்னடம், உருது பேசும் வீடுகளும் உண்டு. தெலுங்கு, கன்னட வழி வகுப்புகளும் உண்டு. மூடுலில் ஒவ்வொருவரும் தனக்கு வேண்டிய மொழியைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால், மொழிபெயர்ப்பு எல்லா இடத்திலும் முழுமையாக இருக்காது. போனில் திறந்து பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள்.

நாளை மூடிவிட்டால்? உலகம் முழுக்க ஆசிரியர்கள் பயன்படுத்திய ‘எட்மோடோ’ 2022 செப்டம்பர் 22-ல் நிறுத்தப்பட்டது. எனவே பாடங்களையும் மதிப்பெண்களையும் நகலெடுத்து வைக்க வழி இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள்.

பிள்ளைகளின் விவரம் யாரிடம் போகிறது? 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களின் விவரங்களுக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. பள்ளி நீட்டும் படிவத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

எது பொருந்தும்?

கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் இல்லாத சிறிய பள்ளிக்கு கிளாஸ்ரூம் எளிது. பராமரிக்க ஆள் இருந்து, சிக்னல் கிடைக்காத ஊர்ப் பிள்ளைகளும் படிக்கும் பள்ளிக்கு மூடுல் கைகொடுக்கும். பாட வீடியோவைப் புதிதாக எடுக்க வேண்டியதில்லை. தமிழக அரசின் ‘மணற்கேணி’ ஆப்பில் இருப்பதைப் பயன்படுத்தலாம்.

எதை எடுத்தாலும், ஒரு வகுப்பில் ஒரு மாதம் நடத்திப் பாருங்கள். ‘இன்று இரவு எட்டு மணிக்குள்’ என்று கெடு வைக்காமல், மூன்று நாள் கொடுங்கள். அப்பாவின் ஷிஃப்ட் முடிந்து போன் வீட்டுக்கு வரும். இரண்டு பிள்ளைகள் இருந்தால், ஒரே போனில் மாறி மாறி உள்ளே போக முடிகிறதா என்றும் பாருங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகும் பெற்றோர் இதையெல்லாம் தயங்காமல் கேட்கலாம். வகுப்பிலேயே மிகப் பழைய போன் வைத்திருக்கும் வீட்டில் எது ஓடுகிறதோ, அதுதான் அந்த வகுப்புக்கு ஏற்ற மென்பொருள்.