மண்ணில் கிடைத்த ரோமானியக் காசு: கண்டெடுத்தவருக்கும் பங்கு உண்டு

வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போது களிம்பேறிய காசு ஒன்று கிடைக்கிறது. ஒரு பக்கம் யாரோ ஒரு மன்னரின் தலை, சுற்றிலும் புரியாத எழுத்து. கொங்கு நாட்டிலும் கரூர் அமராவதி ஆற்றுப் படுகையிலும் இது புதிதல்ல. மிளகும் மணிக்கற்களும் வாங்க வந்த யவனர்கள் விட்டுச்சென்ற பணம் அது. ரோமப் பேரரசர்கள் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து வெள்ளிக் காசுகள் வெள்ளலூரில் குவியலாகவே கிடைத்திருக்கின்றன.

கிடைத்ததும் பலர் செய்வது இரண்டு. புளி போட்டுத் தேய்ப்பார்கள். இல்லாவிட்டால் "வெளியே சொன்னால் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடும்" என்று பயந்து, ஓசைப்படாமல் பட்டறையில் உருக்கக் கொடுத்துவிடுவார்கள். இரண்டுமே நஷ்டம். 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டிய தடம் இருந்தது. காசு மீண்டும் புழங்கக் கூடாது என்று யாரோ வேண்டுமென்றே வெட்டியிருக்கிறார்கள் என்பது அறிஞர்கள் கருத்து. பழுது என்று நாம் நினைக்கும் கீறலிலும் செய்தி இருக்கிறது. தேய்த்தால் அது அழியும். உருக்கினால் எல்லாமே போகும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம்தான் இன்றும் நடைமுறையில் உள்ளது. குடம் நிறையப் பொன் இருந்தால்தான் புதையல் என்பதில்லை. மண்ணில் மறைந்து கிடந்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால், என்ன கிடைத்தது, எங்கே, எந்தத் தேதியில் என்று மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பொருளை அருகிலுள்ள அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும். அல்லது கேட்கும்போது காட்டுவதாகப் பிணை கொடுக்கலாம். மறைத்தால் பங்கு பறிபோகும், ஓராண்டு வரை சிறையும் உண்டு.

பயமுறுத்தும் இந்தப் பகுதி மட்டும்தான் ஊருக்குள் பரவியிருக்கிறது. உரிமையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பழைய சொந்தக்காரர் யாரும் இல்லையென்று முடிவானால், நிலத்துக்காரரும் உரிமை கோரி, இருவருக்குள் வேறு ஒப்பந்தமும் இல்லாதபோது, கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசே எடுத்துக்கொள்ள விரும்பினால், உலோகத்தின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கையும் கூடுதலாகத் தர வேண்டும். ஒவ்வொரு கிராம நிர்வாக அலுவலகத்திலும் இதை எழுதி ஒட்டியிருக்க வேண்டும். அதைச் செய்யாதது அரசின் குறை.

பங்கை முடிவு செய்யும் விசாரணைக்கு மாதங்கள் ஆகும். அதற்குள் தரகர்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். "இந்தக் காசு அரிசியை இழுக்கும், வெளிநாட்டில் கோடிக்கணக்கில் விலை போகும், சோதனைச் செலவுக்கு முன்பணம் கட்டுங்கள்" என்பது ரைஸ் புல்லிங் மோசடி; ஒரு பைசா கொடுக்காதீர்கள். நூறாண்டைக் கடந்த காசைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவது 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி குற்றம். மூன்றாண்டு வரை சிறை.

காசு கிடைத்தால் கழுவாதீர்கள். காகிதத்தில் மடித்து வையுங்கள், கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், இருபுறமும் படம் எடுங்கள். மேற்கொண்டு தோண்டாமல், கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லிவிட்டு ஆட்சியருக்கு மனு எழுதுங்கள். மனுவின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் காசைக் கைமாற்றாதீர்கள்.