உயரத்தின் விலை: தொப்பூர் வழியாகப் பெங்களூருக்கு

மாணவர்களே! அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை விட்டாயிற்று. பெங்களூரில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போக, மார்கழி மாதக் காலையில் சேலம் சந்திப்பில் ரயில் ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "பெங்களூரில் குளிர் அதிகம், ஸ்வெட்டரை மறந்துவிடாதே" என்று அம்மா சொல்லி அனுப்பியிருப்பார். பெங்களூரில் ஏன் குளிர்கிறது? ரயில் ஓமலூரைத் தாண்டியதும் ஏன் மெதுவாகப் போகிறது? அதே வழியில் சாலையில் இறங்கி வரும் லாரிகளுக்குத் தொப்பூர் என்றால் ஏன் அச்சம்? மூன்று கேள்விகளுக்கும் விடை ஒரே சொல்லில் அடங்கிவிடும். அந்தச் சொல் 'உயரம்'.

படிக்கட்டு போன்ற நிலம்

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெங்களூர் நகர ரயில் நிலையம் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதாவது இந்தப் பயணத்தில் நீங்கள் 600 மீட்டருக்கு மேல் உயர்த்தப்படுகிறீர்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டே ஒரு மலையில் ஏறிவிடுகிறீர்கள்!

இந்த ஏற்றம் வழி முழுவதும் ஒரே சீராக இல்லை. படிக்கட்டு போல அமைந்திருக்கிறது. சேலம் சமவெளிக்கும் தர்மபுரிக்கும் இடையில் உள்ள முதல் படிதான் தொப்பூர் கணவாய். இங்கே ரயில் பாதை குன்றுகளைச் சுற்றி வளைந்து வளைந்து சிவாடியை நோக்கி ஏறுகிறது. தர்மபுரிக்கும் பாலக்கோட்டுக்கும் அப்பால் இராயக்கோட்டைப் பக்கம் அடுத்த படி வருகிறது. அதையும் ஏறிவிட்டால் ஓசூர். அங்கிருந்து பெங்களூர் வரை பெரும்பாலும் மேட்டு நிலந்தான்.

தர்மபுரிக்கு முதலில் ரயில் வந்தது இந்தக் கணவாய் வழியாக அன்று. 1906இல் மொரப்பூரிலிருந்து ஒரு குறுகிய பாதை ரயில் வந்தது. அது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நிறுத்தப்பட்டது. தொப்பூர் வழியாகச் சேலத்தையும் பெங்களூரையும் இணைக்கும் பாதை பின்னர் வந்தது. முதலில் மீட்டர் கேஜாக இருந்து, பிறகு அகலப் பாதையாக மாறி, இன்று மின்மயமாகியிருக்கிறது. 2023 டிசம்பர் 30 அன்று தொடங்கப்பட்ட கோவை - பெங்களூர் வந்தே பாரத் ரயிலும் இந்த வழியாகத்தான் செல்கிறது.

ஏறுவதற்கு எவ்வளவு செலவு?

ஒரு பொருளை உயர்த்தினால் அதற்கு நிலை ஆற்றல் கிடைக்கிறது. அதன் அளவு, நிறை × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம். உங்கள் நிறை 50 கிலோகிராம் என்றால், 600 மீட்டர் ஏற 50 × 9.8 × 600 = 2,94,000 ஜூல் வேண்டும். உணவுக் கணக்கில் சொன்னால் இது சுமார் 70 கிலோ கலோரி. ஒன்றிரண்டு இட்லியில் அடங்கிவிடும்! (நடந்து ஏறினால் கூடுதலாகச் சாப்பிட வேண்டியிருக்கும். நம் உடல், உணவு ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்கையே வேலையாக மாற்றுகிறது.)

இப்போது ரயிலைப் பாருங்கள். எஞ்சினையும் பெட்டிகளையும் சேர்த்து 1,000 டன் என்று கொள்வோம். அதை 600 மீட்டர் உயர்த்த 588 கோடி ஜூல் தேவை. மின்சார வாரியத்தின் ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். ஆகவே சுமார் 1,630 யூனிட். மாதம் 100 யூனிட் செலவழிக்கும் ஒரு வீட்டுக்கு இது 16 மாத மின்சாரம். உராய்வுக்கும் காற்றின் தடைக்கும் ஆகும் செலவு தனி. இது உயரத்திற்கு மட்டும் கொடுக்கும் விலை.

சக்கரம் வழுக்காதா?

தண்டவாளமும் எஃகு, சக்கரமும் எஃகு. இரண்டும் வழவழப்பானவை. சமதளத்தில் ஒரு டன் ரயிலை உருட்ட, சுமார் 2 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை போதும். 1,000 டன் ரயிலுக்கு 2 டன் விசை. ஆனால் 100 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறும் சரிவில், எடையின் நூறில் ஒரு பங்கு ரயிலைப் பின்னுக்கு இழுக்கும். அதாவது மேலும் 10 டன். மொத்தம் 12 டன், ஆறு மடங்கு! நம் கண்ணுக்குத் தெரியாத சரிவுகூட ரயிலுக்குப் பெரிய மலைதான்.

இந்த விசையைத் தருவது எஞ்சினின் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையிலுள்ள உராய்வு. இன்று பயணிகள் ரயில்களை இழுக்கும் ஒரு வகை மின்சார எஞ்சினின் எடை சுமார் 123 டன். உலர்ந்த தண்டவாளத்தில் அதில் கால் பங்கு, அதாவது சுமார் 30 டன் வரை விசை கிடைக்கும். 12 டன் போதும் என்பதால் கவலை இல்லை. சரிவு 12 மீட்டருக்கு 1 மீட்டர் என்றால்? 80 டன்னுக்கு மேல் வேண்டும். சக்கரம் இருந்த இடத்திலேயே சுழலும்; ரயில் நகராது. இதனால்தான் அத்தகைய சரிவு உள்ள நீலகிரி மலை ரயிலில், கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே தண்டவாளங்களின் நடுவில் பற்கள் கொண்ட பாதையைப் பதித்து, எஞ்சினின் பற்சக்கரம் அதைப் பற்றி ஏறும்படி செய்தார்கள்.

தொப்பூரில் பற்சக்கரம் இல்லை. வேறு உபாயம் உண்டு. பாதையை நீளமாக்கினால் சரிவு குறையும். 100 மீட்டர் உயரத்தை நூறுக்கு ஒன்று என்ற சரிவில் ஏற 10 கிலோமீட்டர் பாதை வேண்டும். ரயில் குன்றைச் சுற்றி வளைவதன் காரணம் இதுதான். வளைவு என்றால் வேகத்தையும் குறைக்கத்தான் வேண்டும்.

பனியும் பாறையும்

மார்கழிக் காலையில் தண்டவாளத்தின் மேல் பனித்துளி படிந்திருக்கும். ஈரத்தில் உராய்வு குறைகிறது. சக்கரம் வழுக்கத் தொடங்கினால் ஓட்டுநர் சக்கரத்தின் முன்னால் மணலைத் தூவச் செய்வார். அதற்காகவே எஞ்சினில் மணல் பெட்டி இருக்கிறது.

குளிரில் தண்டவாளம் சுருங்கவும் செய்கிறது. ஒரு மீட்டர் எஃகு, ஒரு டிகிரி செல்சியஸ் குளிர்ந்தால் 0.0000115 மீட்டர் சுருங்கும். இது அற்பமாகத் தோன்றலாம். கோடை நண்பகலில் தண்டவாளத்தின் வெப்பநிலை 60 டிகிரி, மார்கழி விடியலில் 15 டிகிரி என்று கொண்டு கணக்கிட்டால், ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் அரை மீட்டருக்கும் மேல் சுருங்கப் பார்க்கும். இன்றைய தண்டவாளங்கள் நீளமாகப் பற்றவைக்கப்பட்டவை. சிலீப்பர்களுடன் இறுகப் பிணைக்கப்பட்டவை. சுருங்க முடியாததால் அவற்றுக்குள் இழுவிசை உண்டாகிறது. எங்காவது பழுது இருந்தால் குளிர் இரவில் அங்கே விரிசல் விடலாம். நீங்கள் போர்வைக்குள் தூங்கும் நேரத்தில் விளக்கும் கையுமாகத் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே நடக்கும் ரயில்வே ஊழியரை நினைத்துக்கொள்ளுங்கள்.

மலைப்பாதைக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. வடகிழக்குப் பருவமழை பாறை இடுக்குகளில் புகுந்து மண்ணை இளக்கிவிடும். 2021 நவம்பர் 12 அன்று விடியுமுன் கண்ணூரிலிருந்து யஷ்வந்த்பூர் சென்ற விரைவு ரயில், தொப்பூருக்கும் சிவாடிக்கும் இடையே திடீரென விழுந்த பாறைகளின்மேல் மோதித் தடம் புரண்டது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பயணிகள் அதில் இருந்தார்கள். நல்லவேளையாக ஓர் உயிரும் போகவில்லை. மேலே இருக்கும் பாறையிலும் நிலை ஆற்றல் சேர்ந்திருக்கிறது என்பதை அன்று அந்தக் குன்று நினைவூட்டியது.

ஸ்வெட்டர் எதற்கு?

மேலே போகப்போகச் சூரியனுக்கு அருகில் போகிறோம். பிறகு ஏன் குளிர்கிறது? சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கும்போது 600 மீட்டர் எம்மாத்திரம்! காற்று பெரும்பாலும் சூரியனால் நேராகச் சூடாவதில்லை. தரை சூடாகி, தரை காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று மேலே எழும்போது அங்கே அழுத்தம் குறைவு. ஆகவே அது விரிகிறது. விரிவதற்குத் தன் வெப்பத்தையே செலவழிப்பதால் குளிர்ந்துவிடுகிறது. சராசரியாக ஒரு கிலோமீட்டர் உயரத்துக்கு 6.5 டிகிரி குறைகிறது. 600 மீட்டருக்குச் சுமார் 4 டிகிரி. ஜனவரி இரவுகளில் சேலத்துக்கும் பெங்களூருக்கும் ஏறக்குறைய இந்த அளவு வேறுபாடு இருப்பதைச் செய்தித்தாளின் வானிலைப் பகுதியில் நீங்களே பார்க்கலாம். பெங்களூரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி, 1884 ஜனவரி 13 அன்று.

அழுத்தம் குறைவதற்கு வேறு அடையாளங்களும் உண்டு. உங்கள் பையிலுள்ள சிப்ஸ் பொட்டலம் உப்பும். மாமா வீட்டு அடுப்பில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது; சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

இறங்கும்போது என்ன ஆகிறது?

ஏறும்போது கொடுத்த ஆற்றல் அழிந்துவிடவில்லை. சேமிப்பில் இருக்கிறது. இறங்கும்போது அது முழுவதும் திரும்பி வரும், நாம் கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

இன்றைய மின்சார எஞ்சின் இதை நல்ல வழியில் பயன்படுத்துகிறது. இறக்கத்தில் அதன் மோட்டார்கள் ஜெனரேட்டராக மாறி, மின்சாரத்தை மேலேயுள்ள கம்பிக்கே திருப்பி அனுப்புகின்றன. லாரிக்கு அந்த வசதி இல்லை. 40 டன் லாரி ஒவ்வொரு 100 மீட்டர் இறங்கும்போதும் 3 கோடியே 92 லட்சம் ஜூல் வெளிவருகிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓடும் அதே லாரியை நிறுத்தினால் வெளிவருவது சுமார் 56 லட்சம் ஜூல். அதாவது 100 மீட்டர் இறங்குவது, ஏழு முறை தொடர்ந்து முழு வேகத்திலிருந்து பிரேக் போட்டு நிறுத்துவதற்குச் சமம். அவ்வளவு வெப்பமும் 300 கிலோகிராம் இரும்பாலான பிரேக் டிரம்களில் தங்கிவிட்டால் அவற்றின் வெப்பநிலை சுமார் 280 டிகிரி உயரும். ஓரளவு வெப்பத்தைக் காற்று கொண்டுபோகும். ஆனால் இறக்கம் நீண்டுகொண்டே போனால், சூடேறிய பிரேக்கின் உராய்வு குறைந்துவிடும். ஓட்டுநர் மிதிப்பார், லாரி நிற்காது.

காஷ்மீரின் ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை தொப்பூர் கணவாயில்தான் தர்மபுரி மேட்டிலிருந்து சேலம் பக்கம் இறங்குகிறது. 2020 டிசம்பர் 12 அன்று இங்கே கட்டுப்பாட்டை இழந்த ஒரு சரக்கு லாரி, முன்னால் இருந்த வாகனங்களின்மேல் மோதியதில் நான்கு பேர் இறந்தார்கள். இது முதல் விபத்தும் அன்று, கடைசி விபத்தும் அன்று.

தடுக்கும் வழி எளியது. இறக்கம் தொடங்குமுன் குறைந்த கியருக்கு மாற்றிவிட வேண்டும். அப்போது சக்கரங்கள் எஞ்சினையும் சேர்த்துச் சுழற்ற வேண்டியிருப்பதால், ஆற்றலின் ஒரு பகுதியை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். பிரேக் குளிர்ச்சியாக இருக்கும். நியூட்ரலில் விட்டால் முழுச் சுமையும் பிரேக்கின் தலையில் விழும். டீசல் மிச்சமாகும் என்று நினைத்து அப்படிச் செய்பவர்கள் உண்டு. இன்றைய மின்னணுக் கட்டுப்பாட்டு எஞ்சின்களில் அந்த மிச்சமும் இல்லை. கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் தானாகவே நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமலிருக்க டீசல் செலவாகிக்கொண்டிருக்கும்!

சேலம், நாமக்கல், தர்மபுரி மாவட்டங்களில் லாரித் தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். உங்கள் அப்பாவோ சித்தப்பாவோ லாரி ஓட்டுபவராக இருக்கலாம். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அவரிடம் காட்டுங்கள். அனுபவத்தில் அவருக்குத் தெரிந்ததற்கு உங்கள் பாடப்புத்தகம் காரணம் சொல்லும்.

செய்து பாருங்கள்

பெங்களூரிலிருந்து திரும்பும்போது, காலியான மெல்லிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் ஒன்றை அங்கேயே இறுக மூடிக்கொள்ளுங்கள். சேலம் வந்ததும் அதைக் கவனியுங்கள். பாட்டிலின் பக்கங்கள் உள்ளே ஒடுங்கியிருக்கும். சேலத்தில் காற்றழுத்தம் பெங்களூரைவிட ஏறக்குறைய 7 சதவீதம் அதிகம். 600 மீட்டர் உயரத்துக் காற்றின் எடை அந்தப் பாட்டிலை எப்படி அழுத்துகிறது என்பதை உங்கள் கையிலேயே பார்க்கலாம்.