இரண்டாவது பீரியட் எங்கே?

எஞ்சினியருக்கு என்ன வேலை என்று ஆறு வயதுப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். கார் ரிப்பேர் பார்ப்பார், கட்டடம் கட்டுவார் என்று சொல்லும். பாஸ்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் கிறிஸ்டின் கன்னிங்ஹாமின் குழுவினர் அமெரிக்கப் பிள்ளைகளிடம் கேட்டபோதும் பெரும்பாலும் இந்தப் பதில்களே கிடைத்தன. தொழில்நுட்பம் எது என்றால் மின்சாரத்தில் ஓடுவதைக் காட்டினார்கள். கோப்பையும் செருப்பும் பலர் கண்ணில் படவே இல்லை.

அந்தக் குழு 2003-இல் தொடங்கியதுதான் ஆரம்பப் பள்ளிக்கான பொறியியல் பாடத்திட்டம். அதன் முன்னோட்டப் பாடத்துக்கு ஒரு பையும், அதற்குள் ஏதாவது ஓர் அன்றாடப் பொருளும் போதும். இதை எதற்காகச் செய்தார்கள், எதனால் செய்தார்கள், வேறு எதனால் செய்திருக்கலாம் என்று பிள்ளைகள் பேச வேண்டும்.

பிறகு கதை வரும், கதைக்குள் ஒரு சிக்கல் வரும். ஒன்றில், டொமினிகன் குடியரசுச் சிறுமி மரியானா காய்க்காத செடியைப் பார்க்கிறாள். மகரந்தம் சுமக்கும் பூச்சி அங்கே இல்லை. கையால் மகரந்தம் சேர்க்கும் கருவியைப் பிள்ளைகள் செய்ய வேண்டும். ஆப்பசோடாதான் மகரந்தம். எந்தப் பொருளில் அது ஒட்டுகிறது, ஒட்டியது மறுபடி உதிர்கிறதா? நன்றாக ஒட்டுவது உதிர மறுக்கும். உதிர்வது சரியாக ஒட்டாது. இரண்டுக்கும் நடுவே ஒன்றைத் தேடுவதுதான் வேலை.

கேள், கற்பனை செய், திட்டமிடு, உருவாக்கு, மேம்படுத்து என்று ஐந்து படிகள். கடைசிப் படியில்தான் உயிர் இருக்கிறது. நேரம் போதாதபோது முதலில் வெட்டுப்படுவதும் அதுதான். அதை வெட்டிவிட்டால் மிஞ்சுவது கைவேலை வகுப்பு. அழகாக இருக்கும், சுவரில் மாட்டலாம், ஆனால் பிள்ளை தன் முடிவை மாற்றிக்கொள்ள வாய்ப்பே இருக்காது. 2013-இல் வந்த அமெரிக்க அறிவியல் தரநிலைகள், ஒரே தேவைக்குச் செய்த இரு பொருள்களைச் சோதித்து, ஒவ்வொன்றின் பலத்தையும் பலவீனத்தையும் ஒப்பிடும்படி இரண்டாம் வகுப்புக்குள்ளேயே கேட்கின்றன. யாருக்கு முதல் பரிசு என்று கேட்கவில்லை.

இது சின்னப் பிள்ளைகளுக்கு அதிகம் என்பவர்கள் டாம் வூஜெக் பல இடங்களில் நடத்திய போட்டியைப் பார்க்கலாம். 20 ஸ்பாகெட்டிக் குச்சிகள், கொஞ்சம் டேப், கொஞ்சம் நூல், 18 நிமிடங்கள். கோபுரம் கட்டி உச்சியில் மார்ஷ்மெல்லோ மிட்டாயை வைக்க வேண்டும். மழலையர் பள்ளிப் பிள்ளைகள் சராசரியில் எம்.பி.ஏ. மாணவர்களை முந்தினார்கள். பெரியவர்கள் கடைசி நிமிடத்தில் மிட்டாயை வைக்கிறார்கள், கோபுரம் சாய்கிறது. பிள்ளைகள் ஆரம்பத்திலேயே வைத்துப் பார்த்து, சாய்ந்தால் மாற்றிக் கட்டுகிறார்கள். திருத்திச் செய்யும் பழக்கத்தோடுதான் வகுப்புக்குள் வருகிறார்கள். நேரத்தைப் பிடுங்குவது நாம்தான்.

இதற்குச் செலவும் பெரிதில்லை. ஐஸ்கட்டியை அடுத்த மணி அடிக்கும்வரை உருகாமல் காக்கச் சொல்லுங்கள். கம்பளியில் சுற்றினால் சூட்டில் சீக்கிரம் உருகிவிடும் என்று பல பிள்ளைகள் உறுதியாக நம்பும். மறுக்காதீர்கள். ஒன்றைக் கம்பளியில் சுற்றுங்கள், இன்னொன்றை எவர்சில்வர் தட்டில் திறந்து வையுங்கள். தட்டில் இருப்பதுதான் முதலில் கரையும். அதைக் கண்ட பிள்ளை உடனே இன்னொரு ஐஸ்கட்டி கேட்கும். அதைக் கொடுக்கக் கால அட்டவணையில் இன்னொரு பீரியட் வேண்டும்.