கூரை சொந்தமில்லை என்றால் சோலார் யாருக்கு? பினாங்கு கடைவீடுகள் எழுப்பும் கேள்வி

மலேசிய அரசின் சோலார் சலுகைகளில் பல, "உங்கள் கூரை" என்றுதான் தொடங்குகின்றன. வாடகைக்கு இருப்பவர்கள் என்ன செய்வது?

ஜார்ஜ்டவுனில் உள்ள கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நண்பகலில் நின்று பாருங்கள். 1801ஆம் ஆண்டு தொடங்கிய பள்ளிவாசல், நாணய மாற்றுக் கடைகள், நகைக்கடைகள், வரிசையாகப் பழைய கடைவீடுகள். வெயிலுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அந்த ஓட்டுக் கூரைகளில் சோலார் பேனல் போடுவது அவ்வளவு சுலபம் இல்லை.

அரசு என்ன செய்கிறது?

2050க்குள் நாட்டின் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க எரிசக்தியாக இருக்க வேண்டும். 2023இல் வெளியான தேசிய எரிசக்தி மாற்றத் திட்டத்தின் இலக்கு இது.

இதன் தொடக்கம் 2011. அந்த ஆண்டு புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் வந்தது. கூரையில் தயாரிக்கும் சோலார் மின்சாரத்தை 21 ஆண்டுகளுக்கு உறுதியான விலையில் விற்கும் வசதியும் வந்தது. 2016இல் 'நெம்' திட்டம் அறிமுகமானது. நீங்கள் பயன்படுத்தியது போக மிஞ்சும் மின்சாரம் கம்பி வழியே தெனாகா நேஷனலுக்குப் போகும், அது உங்கள் பில்லில் கழியும். 2024இல் பேனல் பொருத்தும் வீடுகளுக்கு 4,000 ரிங்கிட் வரை தள்ளுபடியும் கிடைத்தது. நெம் 2025 நடுவில் முடிந்தது. அதன் இடத்தில் 2026 ஜனவரி முதல் 'சோலார் அதாப்' வந்திருக்கிறது. அதாப் என்றால் மலாயில் கூரை. பெயரிலேயே விஷயம் இருக்கிறது!

பில்லில் இருக்கும் 1.6%

உங்கள் மின்கட்டண பில்லை எடுத்துப் பாருங்கள். 'கே.டபிள்யூ.டி.பி.பி.' என்று ஒரு வரி இருக்கலாம். அதுதான் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதி. 2011இல் 1 விழுக்காடாகத் தொடங்கி, 2014இல் 1.6 விழுக்காடானது. மாதம் 300 யூனிட் வரை பயன்படுத்தும் வீடுகளுக்கு விலக்கு உண்டு.

200 ரிங்கிட் மின்கட்டணத்துக்கு இது 3 ரிங்கிட் 20 காசு. பெரிய தொகை இல்லைதான். ஆனால் 2011 திட்டத்தில் உறுதியான விலை பெறுபவர்களுக்கு இந்த நிதியிலிருந்துதான் பணம் போகிறது. அதாவது, கூரை இல்லாதவரும் பணம் கட்டுகிறார். பலன் கூரை உள்ளவருக்குப் போகிறது.

இந்தச் சாலையில் என்ன சிக்கல்?

இரண்டு பூட்டுகள். முதலாவது, வாடகை. கடையை நடத்துபவர் ஒருவர், கட்டடம் இன்னொருவருடையது. பேனல் போட உரிமையாளர் சம்மதிக்க வேண்டும். அடுத்த வருஷம் கடை இங்கேயே இருக்குமா என்று தெரியாதபோது, பல ஆண்டுகள் கழித்து லாபம் தரும் பேனலுக்கு யார் காசு போடுவார்கள்?

இரண்டாவது, பாரம்பரியம். ஜார்ஜ்டவுன் 2008 ஜூலை 7 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தளம். கூரையின் வடிவத்தையோ ஓட்டையோ மாற்ற வேண்டுமானால், பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தின் அனுமதி தேவை. இந்த விதி நியாயமானது. ஓட்டுக் கூரைகள் போய்விட்டால் இந்தத் தெருவின் முகமே போய்விடும்.

கூரை இல்லாமலே முடியுமா?

முடியும். 2021இல் அறிமுகமான பசுமை மின்கட்டணத் திட்டத்தில் யாரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அதற்குக் கூடுதல் கட்டணம், ஒதுக்கீட்டுக்கும் வரம்பு உண்டு. சொந்தக் கூரை உள்ளவருக்குப் பில் குறைகிறது, இல்லாதவருக்குக் கூடுகிறது.

இன்னொரு வழி, 2025இல் அறிவிக்கப்பட்ட 'கிரீம்' திட்டம். ஒரு நிறுவனம் பல வீட்டுக் கூரைகளை வாடகைக்கு எடுத்து, அங்கே தயாராகும் மின்சாரத்தை அக்கம்பக்கத்தில் உள்ளவர்களுக்கு விற்கலாம். உங்கள் கடைவீட்டு ஓட்டைத் தொடாமலே, பாரம்பரிய எல்லைக்கு வெளியே உள்ள கூரையிலிருந்து மின்சாரம் வர இது கதவைத் திறக்கிறது. விலை கட்டுப்படியானால்தான் வாடகைதாரருக்குப் பயன்.

மற்ற நாடுகளில் எப்படி?

சிங்கப்பூர் 2014இல் சோலார்நோவா திட்டத்தைத் தொடங்கியது. வீவக அடுக்குமாடிக் கூரைகளில் பேனல்கள் பொருத்தப்படுகின்றன. அந்த மின்சாரத்தில் மின்தூக்கி, பொது விளக்குகள் இயங்குகின்றன. அங்கே குடியிருக்கும் எல்லோருக்கும் பலன். ஜெர்மனியில் 2024இல் சட்டம் மாறியது. பால்கனியில் சிறிய பேனல் மாட்ட வாடகைதாரர் கேட்டால், உரிமையாளர் காரணமில்லாமல் மறுக்க முடியாது.

அப்போ நாம என்ன செய்யலாம்?

முதலில் பில்லைப் பாருங்கள்: எத்தனை யூனிட், 1.6% வரி இருக்கிறதா? குளிர்சாதனம், ஃபிரிட்ஜ் வாங்கும்போது 5 நட்சத்திர முத்திரை உள்ளதா என்று கவனியுங்கள். பழைய கடைவீட்டில் இருந்தால் முற்றத்தையும் மரச் சன்னல்களையும் அடைக்காதீர்கள். காற்று தானாக ஓடும்படி கட்டிய வீடு அது, பேனல் வருவதற்கு முன்பே இருந்த பசுமைத் தொழில்நுட்பம்.

கடைசியாக, உங்கள் தொகுதிப் பிரதிநிதியைப் பார்க்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "பில்லில் நாங்களும் கட்டுறோம். எங்க பங்கு வெயில் எங்கே?"