வெல்லாத வேகம்

தும்பாவிலிருந்து விண்ணில் ஏவப்படும் ராக்கெட்டின் முனை கூராக இருப்பதைத் திருவனந்தபுரத்துப் பிள்ளைகள் பலரும் படங்களில் கண்டிருப்பர். காற்றைக் கிழித்துச் செல்வதற்கே அவ்வடிவம். பந்தயக் காருக்கும் காற்றே எதிரி, துணைவனும் அதுவே. இவ்விரண்டிற்கும் இடையில் அகப்பட்ட கார் ஒன்று, ஒரு காலத்தில் இந்தியாவின் பெயரைத் தாங்கி ஓடியது.

2007ஆம் ஆண்டின் இறுதியில் தொழிலதிபர் விஜய் மல்லையா, கூட்டாளி ஒருவருடன் சேர்ந்து, ஃபார்முலா 1 அணி ஒன்றை வாங்கினார். அதற்கு ‘ஃபோர்ஸ் இந்தியா’ எனப் பெயரிடப்பட்டது. தொழிற்கூடம் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் இருந்தாலும், அணி இந்திய உரிமத்துடன் போட்டியிட்டது. முதல் 29 பந்தயங்களில் அது ஒரு புள்ளிகூடப் பெறவில்லை. 2008இல் மொனாக்கோவில் ஓட்டுநர் அட்ரியன் சூட்டில் நான்காம் இடத்தில் சென்றுகொண்டிருந்தபோது, பின்னால் வந்த கிமி ராய்க்கோனனின் ஃபெராரி கார் மோதியதால் அந்த வாய்ப்பும் பறிபோனது.

2009இல் களமிறங்கிய கார் வி.ஜே.எம்.02. பந்தயக் காரின் முன்னும் பின்னும் இறக்கைகள் உண்டு. விமானத்தின் இறக்கை அதனை மேலே தூக்கும். இவையோ காரைத் தரையோடு அழுத்தும். அழுத்தம் மிகுந்தால் வளைவுகளில் கார் வழுக்காது. ஆனால் காற்றுத்தடை கூடி, நேர்ப்பாதையில் வேகம் குறையும். வி.ஜே.எம்.02 காற்றுத்தடை குறைந்த கார். ஆகவே நீண்ட நேர்ப்பாதைகளில் அது பாய்ந்தது; மெதுவான வளைவுகள் நிறைந்த களங்களில் பின்தங்கியது.

பெல்ஜியத்தின் ஸ்பா களம் ஏழு கிலோமீட்டர் நீளமுடையது. 2009 ஆகஸ்டில் அங்கு நடந்த தகுதிச் சுற்றில் ஜியான்கார்லோ ஃபிசிகெல்லா அக்காரை ஓட்டி முதலிடம் பெற்றார். எவரும் எதிர்பாராதது அது. மறுநாள் ஐந்தாம் சுற்றில் ராய்க்கோனன் அவரை முந்தினார். ஃபெராரியில், பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலைச் சேமித்து, ஒவ்வொரு சுற்றிலும் சில விநாடிகள் கூடுதல் விசையாகத் தரும் கருவி இருந்தது. ஃபோர்ஸ் இந்தியாவில் அது இல்லை. எஞ்சிய சுற்றுகள் முழுவதும் ஃபிசிகெல்லா நிழல்போலத் தொடர்ந்தார், முந்த இயலவில்லை. 44 சுற்றுகளின் முடிவில் இடைவெளி 0.939 விநாடி. கண்ணை மூடித் திறப்பதற்குள் என்பார்களே, ஏறக்குறைய அவ்வளவுதான்!

சில நாள்களில் ஃபெராரி அணி ஃபிசிகெல்லாவைத் தன்பால் அழைத்துக்கொண்டது. அடுத்து இத்தாலியின் மொன்சாவில் சூட்டில் நான்காம் இடம் பெற்றார். அதுவும் நேர்ப்பாதைகள் மிகுந்த களமே. ஆண்டு முழுவதும் அக்கார் ஈட்டியவை இவ்விரு பந்தயங்களின் 13 புள்ளிகள் மட்டுமே. பத்து அணிகளுள் ஒன்பதாம் இடம். சாம்பியன் பட்டத்திற்கோ எல்லா வகைக் களங்களிலும் விரையும் கார் வேண்டும்.

பின்னர் 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் ஃபோர்ஸ் இந்தியா நான்காம் இடம்வரை உயர்ந்தது. எனினும் ஒரு பந்தயத்திலும் வெல்லவில்லை. 2018இல் கடன் நெருக்கடியால் அணி கைமாறியது. அதே சில்வர்ஸ்டோன் தொழிற்கூடத்திலிருந்து வந்த கார் 2020 டிசம்பரில் பஹ்ரைனில் வென்றது. அப்போது அக்காரின் நிறம் இளஞ்சிவப்பு. அணியின் பெயர் ‘ரேசிங் பாயிண்ட்’.